குதிரை போட்ட சட்டையும் புரூக்ளின் பசங்களும்

நெஞ்சுல சின்னதா ஒரு குதிரை. குதிரை மேல கையில நீளக் கட்டையோட ஒரு ஆள். இந்தப் படம் போட்ட டி-ஷர்ட்டை நம்மில் பாதிப் பேராவது ஒரு தடவை போட்டிருப்போம். ஒரிஜினலா டூப்ளிகேட்டா என்பது அவரவர் மனசாட்சிக்கே வெளிச்சம் :-)

போலோ ரால்ஃப் லாரன். அமெரிக்காவுல பரம்பரைப் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் காலேஜுக்குப் போட்டுட்டுப் போற மாதிரி உடுப்புக்குப் பேர் போன கம்பெனி. அங்க இதை 'பிரெப்பி' ஸ்டைல்னு சொல்வாங்க. காலர் வச்ச பனியன், கட்டம் போட்ட சட்டை, தோள்ல சும்மா போட்டிருக்கிற ஸ்வெட்டர், படகு விட, குதிரை ஏற, பனியில சறுக்கப் போற மாதிரி ஒரு தோரணை.

இந்தக் கம்பெனித் துணிக்காக அடிதடி பண்ணி, ஜெயிலுக்குப் போய், உயிரையும் விட்ட ஒரு தெருக் கூட்டம் நியூயார்க்குல இருந்தது. பணக்கார வீட்டுப் பிள்ளைகள் இல்லை. புரூக்ளின் சேரிப் பக்கத்துப் பசங்க. அவங்க வரலாற்றைத்தான் இங்க எழுதப் போறேன். அங்கிருந்து மெட்ராஸ், சிட்னி, கன்னியாகுமரின்னு சுத்திட்டு வருவோம். பதிவு கொஞ்சம் நீளம், டீ எடுத்து வச்சுக்கோங்க.

உனக்கெதுக்கு இந்த ஆராய்ச்சின்னு கேட்பீங்க. எனக்குத் திருப்பூர். அம்மா பனியன் கம்பெனியில செக்கிங் பார்த்தவங்க. நாள் முழுக்க நின்னுக்கிட்டே பிசிறு வெட்டி, தையல் விட்டுப்போன இடத்தைப் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டுற வேலை. வெளிநாட்டுக்குப் போகாம நின்னுபோன துணி காதர்பேட்டைக்கு வரும், கழுத்துப் பட்டியில கம்பெனி லேபிளைக் கத்தரியால வெட்டிட்டு. எங்க வீட்டுப் பொங்கல் தீபாவளித் துணியெல்லாம் அப்படி லேபிள் வெட்டின துணிதான். தைச்ச ஆளுக்கு அந்தச் சட்டை கிடைக்கணும்னா அதோட பேரை வெட்டிட்டுத்தான் கிடைக்கும். அதனால ஒரு சட்டையை யார் போடலாம், யார் போடக் கூடாதுன்னு யார் முடிவு பண்றாங்க என்கிற கேள்வி எனக்கு ரொம்ப நாளாவே உண்டு.

புரூக்ளின், 1988

1980களின் நியூயார்க். கிராக் என்கிற மலிவான போதைப்பொருள் ஏழைகள் வாழ்ந்த பகுதிகளைச் சூறையாடிக்கொண்டிருந்த நேரம். புரூக்ளின்ல பிரவுன்ஸ்வில்னு ஒரு பகுதி. அமெரிக்காவிலேயே அரசுக் குடியிருப்புகள் மிக நெருக்கமாக இருக்கிற இடங்களில் ஒன்று. பக்கத்துல கிரவுன் ஹைட்ஸ். கரீபியன் தீவுகளிலிருந்து வந்த கறுப்பினக் குடும்பங்கள் நிறைந்த பகுதி. ரெண்டு இடத்திலும் பதின்வயசுப் பசங்க தனித்தனிக் கூட்டமா சேர்ந்திருந்தாங்க. ரெண்டு கூட்டத்துக்கும் ஒரே பைத்தியம், போலோ.

கிரவுன் ஹைட்ஸ் கூட்டத்தோட பேர் 'ரால்ஃபீஸ் கிட்ஸ்'. அதாவது ரால்ஃபோட பிள்ளைங்க. பிரவுன்ஸ்வில் கூட்டம் 'போலோ யு.எஸ்.ஏ.' கேட்டா கம்பெனிப் பேர் மாதிரி இருக்கும். ஆனா இந்த யு.எஸ்.ஏ.வுக்கு விரிவாக்கம் 'யுனைடெட் ஷாப்லிஃப்டர்ஸ் அசோசியேஷன்'. தமிழ்ல சொன்னா, ஐக்கியக் கடைத்திருடர் சங்கம்! 1988ல் ரெண்டும் ஒண்ணா சேர்ந்து 'லோ லைஃப்ஸ்' ஆச்சு. போலோ என்கிற சொல்லின் பின்பாதி 'லோ'. அதே நேரம் ஆங்கிலத்தில் 'லோ லைஃப்'னா கேடுகெட்ட ஜென்மம்னு அர்த்தம். ஊர் நம்மளைத் திட்டுற பேரையே நாம பட்டமா வச்சுக்குவோம்னு வச்சுக்கிட்டாங்க.

முன்னணியில் நின்ற ரெண்டு பேர் பின்னாடி ராப் பாடகர்களா ஆனாங்க. ஒருத்தர் ராக்-லோ. இன்னொருத்தர் தர்ஸ்டின் ஹவ்ல் தி தேர்ட். இந்தப் பேர்ல ஒரு குசும்பு இருக்கு. 'கில்லிகன்ஸ் ஐலேண்ட்' என்ற 1960களின் அமெரிக்க டிவி தொடர்ல ஆளில்லாத் தீவுல மாட்டிக்கிட்ட ஒரு கோடீஸ்வரக் கேரக்டர் வரும். அவரோட பேரைத்தான் பிரவுன்ஸ்வில்லில் வளர்ந்த ஒரு புவேர்ட்டோ ரிக்கோ வீட்டுப் பையன் தனக்கு வச்சுக்கிட்டார். நம்மூர்ல குடிசைவாசிப் பையன் ஒருத்தன் தனக்கு 'ஜமீன்தார்'னு பட்டம் வச்சுக்கிட்ட மாதிரி.

துணி எப்படிக் கிடைச்சது? திருட்டுதான், அதை மறைக்க ஒண்ணுமில்லை. 'பூஸ்டிங்'னு அதுக்கு அவங்க பேச்சுல ஒரு சொல். கூட்டமா ரயிலேறி மன்ஹாட்டன் போவாங்க. மேசீஸ், புளூமிங்டேல்ஸ் மாதிரி பெரிய கடைக்குள்ள ஒட்டுமொத்தமா நுழைஞ்சு, காவலாளி யாரைப் பிடிக்கிறதுன்னு முழிக்கிறதுக்குள்ள கைக்குக் கிடைச்சதை அள்ளிட்டு ஓடிருவாங்க. தனியா நுட்பமா திருடுறவங்களும் இருந்தாங்க.

திருடினதை வித்துக் காசாக்கியும் இருக்காங்க. ஆனா அவங்களுக்கு முக்கியம் போடுறதுதான். தொப்பியில ஆரம்பிச்சு சாக்ஸ் வரைக்கும் போலோ. எந்தச் சட்டை எந்த வருஷம் வந்தது, எந்தத் தொகுப்பு, எந்தெந்தக் கலர்ல வந்ததுன்னு மனப்பாடமா சொல்வாங்க. 1991ல் கோட்டு போட்ட கரடி பொம்மைப் படத்தோட ஒரு வரிசை வந்தது. 1992ல் பார்சிலோனா ஒலிம்பிக் வருஷத்தையொட்டி 'ஸ்டேடியம்' வரிசை வந்தது. 1993ல் 'ஸ்னோ பீச்' என்ற பனிச்சறுக்கு வரிசை. நம்மாளுங்க ரஜினி படம் ரிலீஸ் தேதியை வரிசையா ஒப்பிப்பாங்களே, அந்த மாதிரி.

இதுல ஹீரோயிசம் மட்டும் பார்த்தா தப்பு. நல்ல ஜாக்கெட் போட்டுட்டு ரயில்ல தனியா போறது உயிருக்கே ஆபத்து. கடையில திருடின துணியை நடுவழியில இன்னொருத்தன் கத்தியைக் காட்டிப் பிடுங்குவான். ஜெயில்ல வருஷங்களைக் கழிச்சவங்க உண்டு, செத்துப் போனவங்க உண்டு. 2016ல் தர்ஸ்டின் ஹவ்லும் புகைப்படக் கலைஞர் டாம் கூல்டும் சேர்ந்து இந்தக் கூட்டத்தைப் பத்தி ஒரு படப் புத்தகம் கொண்டுவந்தாங்க. அதோட தலைப்புக்கு 'என்னைப் போலோவோட புதைங்க' என்று பொருள். தலைப்புல விளையாட்டு பாதி, நிஜம் பாதி.

ஏன் போலோ?

கடையில எத்தனையோ பிராண்ட் இருக்கும்போது இது ஏன்?

ரால்ஃப் லாரன் வித்தது வெறும் சட்டையை இல்லை. பரம்பரைச் சொத்து, பெரிய தோட்டத்து வீடு, குதிரை லாயம், பாய்மரப் படகு, பல்கலைக்கழக முத்திரைன்னு ஒரு வாழ்க்கையையே சட்டையில தைச்சு வித்தார். பிரவுன்ஸ்வில் பையன் அந்தக் குதிரை மைதானத்தை டிவியில கூட ஒழுங்காப் பார்த்திருக்க மாட்டான். பனிச்சறுக்கு மலைக்குப் போயிருக்க மாட்டான். அவன் போனா உள்ள விடவும் மாட்டாங்க. ஆனா அங்க போடுற உடுப்பு ரயிலேறினா எட்டுற தூரத்துல, மன்ஹாட்டன் கடை கண்ணாடிக்குப் பின்னாடி தொங்குது. நீ எதுக்குள்ள நுழையக் கூடாதோ அதோட சீருடையை நெஞ்சுல மாட்டிக்கிட்டு உன் தெருவுல நிமிர்ந்து நடக்கிறதுல ஒரு போதை இருக்கத்தானே செய்யும்?

இன்னொரு வேடிக்கை ரால்ஃப் லாரனோட பூர்வீகம். அவர் பரம்பரைப் பணக்காரர் இல்லை. 1939ல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில பிறந்தார். அப்பா அம்மா இன்றைய பெலாரூஸ் பக்கத்துலேருந்து வந்த யூதர்கள். அப்பா வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். பிறந்தப்ப வச்ச பேர் ரால்ஃப் லிஃப்ஷிட்ஸ். பதின்வயசுல லாரன்னு மாத்திக்கிட்டார். 1967ல் கழுத்துப் பட்டை, அதாவது டை விக்கிறதுல ஆரம்பிச்சார். 1972ல் குதிரைச் சின்னம் போட்ட காலர் பனியனை 24 கலர்ல இறக்கினார். 1974ல் வந்த 'தி கிரேட் கேட்ஸ்பி' படத்துல ஆண்களுக்கு உடுப்பு இவரோடது. ஏழையாப் பிறந்து பேரை மாத்தி, பெரிய மனுஷன் சட்டையைப் போட்டுப் பெரிய மனுஷன் ஆன ஒருத்தனோட கதை அது. பொருத்தமான ஆளைத்தான் பிடிச்சிருக்காங்க!

ஆக, பெயின்டர் மகன் ஒருத்தர் மேல்தட்டு வாழ்க்கையை வெளியே இருந்து பார்த்து, அதே மாதிரி தைச்சு, அவங்களுக்கே வித்தார். லோ லைஃப்ஸ் அதை எடுத்துப் போட்டுக்கிட்டாங்க. வேஷம் ரெண்டு பக்கமும்தான். இவர் காசு கொடுத்துத் துணி வாங்கித் தைச்சார், அவங்க திருடினாங்க. அந்த வித்தியாசத்தை நான் சின்னதுன்னு சொல்லலை. ஆனா துணியோட வரலாற்றுல இன்னும் கொஞ்சம் பின்னாடி போனா எடுத்தது யார், கொடுத்தது யார் என்கிறது குழம்ப ஆரம்பிக்குது. அந்தக் குழப்பத்துல நம்ம மெட்ராஸும் இருக்கு.

குதிரை மணிப்பூர், கட்டம் மெட்ராஸ்

முதல்ல அந்தக் குதிரை. போலோ ஆட்டத்தை இங்கிலாந்துப் பிரபுக்கள் கண்டுபிடிச்சதா நினைக்காதீங்க. மணிப்பூரில் 'சகோல் கஞ்செய்'னு காலங்காலமா ஆடிவந்த ஆட்டத்தைப் பார்த்து வெள்ளைக்காரங்க கத்துக்கிட்டாங்க. 1859ல் இன்றைய அசாமின் சில்சாரில் தேயிலைத் தோட்டக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. 1862ல் கல்கத்தா போலோ கிளப். அப்புறம் அது இங்கிலாந்து போச்சு. காற்றுல காலர் பறக்காம இருக்க அங்க ஆட்டக்காரங்க பட்டன் போட்டிருந்ததைப் பார்த்துத்தான் 1896ல் புரூக்ஸ் பிரதர்ஸ் என்ற நியூயார்க் கடை பட்டன் வச்ச காலரைக் கொண்டுவந்தது. ரால்ஃப் லாரன் இளமையில வேலை பார்த்த கடைகளில் புரூக்ஸ் பிரதர்ஸும் ஒண்ணு.

அடுத்தது கட்டம். பிரெப்பி உடுப்புல கோடைக்காலச் சட்டை, அரைக்கால் டவுசர் எல்லாத்துக்கும் ஒரு துணி உண்டு. அதோட பேர் இன்னிக்கும் 'மெட்ராஸ்'தான். பார்த்தா உங்களுக்குச் சிரிப்பு வரும். நம்ம தாத்தா கட்டின கைலி! அச்சு அசல் அதே கட்டம்.

இந்தத் துணி கடல் தாண்டிப் போன கதை பெரிசு, சுருக்கமா சொல்றேன். பழவேற்காடு, மெட்ராஸ் கரையிலேருந்து கட்டம் போட்ட கைக்குட்டைத் துணி ஐரோப்பியக் கப்பல்களில் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போச்சு. அடிமை வியாபாரத்தில் மனுஷங்களை வாங்கப் பண்டமாற்றாக் கொடுத்த சரக்குகளில் இந்தியத் துணி முக்கியமானது. நைஜீரியாவின் நைஜர் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் மெட்ராஸ் துணியை 'இஞ்ஜிரி'ன்னு சொல்றாங்க. பிறப்பிலிருந்து இறப்பு வரை அவங்க சடங்குகளில் அந்தத் துணி உண்டு. நெய்த துணியில சில நூல்களை மட்டும் பார்த்துப் பார்த்து வெட்டியெடுத்துப் புது வேலைப்பாடும் பண்ணுவாங்க. நம்ம துணிதான், ஆனா இப்ப அது அவங்களோடது.

கரீபியன் தீவுகளுக்கும் இந்தத் துணி போச்சு. மார்ட்டினிக், குவாதலூப், செயின்ட் லூசியாவில் பெண்களோட பாரம்பரிய உடுப்பே இன்னிக்கு மெட்ராஸ் கட்டம்தான். அமெரிக்காவின் லூசியானாவில் 1786ல் ஸ்பானிய ஆளுநர் ஒரு சட்டம் போட்டார். கறுப்பினப் பெண்கள் வெள்ளைக்காரிகள் மாதிரி தலையலங்காரம் பண்ணக் கூடாது, தலையைத் துணியால மூடிக்கட்டணும்னு. அந்தப் பெண்கள் என்ன பண்ணாங்க? பளபளன்னு மெட்ராஸ் துணியை எடுத்து விதவிதமா முடிச்சுப் போட்டுக் கட்டி, தண்டனையையே ஃபேஷனா மாத்திட்டாங்க.

இன்னொரு பக்கம் இதே மெட்ராஸ் பணம் வேற வழியில அமெரிக்கா போச்சு. 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டைக்கு கவர்னரா இருந்தவர் எலிஹூ யேல். இங்க சம்பாதிச்சு ஊர் திரும்பினவர், 1718ல் கனெக்டிகட்டில் இருந்த ஒரு கல்லூரிக்குத் துணிமணிகள் உட்பட ஒன்பது பொதிச் சரக்கும் புத்தகங்களும் அனுப்பினார். அந்தச் சரக்கை வித்த காசுல கட்டடம் எழும்பிச்சு, கல்லூரிக்கு அவர் பேரையே வச்சாங்க. யேல் பல்கலைக்கழகம்! பிரெப்பி உடுப்புக்கு இலக்கணம் வகுத்த கல்லூரிகள்ல முக்கியமானது.

1958ல் கேப்டன் கிருஷ்ணன் நாயர் (பின்னாடி லீலா ஹோட்டல்களை ஆரம்பிச்சவர்) வழியா மெட்ராஸ் கட்டம் மறுபடி அமெரிக்கா போய் புரூக்ஸ் பிரதர்ஸ் கடையில சட்டையா வந்தது. துவைச்சா சாயம் போச்சு. வாங்கினவங்க கோபப்பட்டாங்க. விளம்பரக்காரங்க விடுவாங்களா? 'சாயம் போகும்னு உத்தரவாதம்'னு அதையே பெருமையாச் சொல்லி வித்தாங்க. ஹும், எங்க ஊர்ல சாயம் போனா ஆர்டரே கேன்சல் ஆகும்.

இதையெல்லாம் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. நம்ம நெசவாளி நெஞ்ச கட்டம். அதைக் கொடுத்து வாங்கப்பட்ட மனுஷங்களோட வாரிசுகள் கரீபியனில் அதைத் தலையில கட்டினாங்க. நியூயார்க்ல அதே கட்டம் பணக்காரப் பிள்ளைகளோட அடையாளம் ஆச்சு. 1988ல் கிரவுன் ஹைட்ஸ்ல இருந்த, கரீபியன்லேருந்து வந்த குடும்பத்துப் பையன் கண்ணாடிக்குப் பின்னாடி தொங்கின சட்டையை எடுத்துட்டு ஓடினான். போலீஸ் பிடிச்சது அவனை மட்டும்தான்.

இந்த ஊர்க் கதை

இது ஏதோ அமெரிக்கச் சமாச்சாரம்னு நினைச்சா, இங்க ஆஸ்திரேலியாவுலயும் இதே கதை வேற வேற உடுப்புல ஓடியிருக்கு.

1870களிலிருந்து சிட்னியில் 'லாரிகின்' என்று பேரெடுத்த தெருப் பசங்க 'புஷ்' என்ற கூட்டங்களாத் திரிஞ்சாங்க. ராக்ஸ் பகுதிக் கூட்டத்துக்கு ராக்ஸ் புஷ்னு பேர். பெல்பாட்டம் கால்சட்டை, கட்டைக் கோட்டு, உயரக் குதிகால் பூட்ஸ்னு அவங்க உடுப்பே அன்றைய பத்திரிகைகளுக்குத் தீனி. அடிதடியை எழுதின அளவுக்கு அவங்க செருப்பையும் எழுதினாங்க! 1960களின் நடுவிலிருந்து 1980 வாக்கில் வரை மெல்பர்னில் 'ஷார்ப்பீஸ்'. தொழிலாளர் குடியிருப்புப் பசங்க. இறுக்கமான கோடு போட்ட கார்டிகன், தையல்காரரிடம் அளவு கொடுத்துத் தைச்ச கால்சட்டைன்னு இருப்பாங்க. 1974ல் கிரெக் மக்கெய்ன்ஷ் அவங்களைப் பத்தி ஒரு குறும்படமே எடுத்தார். ரெண்டு இடத்திலயும் கையில காசு இல்லாத பசங்க, கையில இருக்கிற காசையெல்லாம் துணியில போட்டாங்க.

அதுக்கு அடுத்த தலைமுறை சிட்னியின் 'லாட்ஸ்'. 1990கள், 2000களில் ரயில் பெட்டியிலும் சுவரிலும் பெயர் எழுதித் திரிந்த கிராஃபிட்டி கூட்டங்களோட சேர்ந்து வளர்ந்த வகை. நைக்கி டி.என். ஷூ, இடுப்புப் பை, அப்புறம் போலோ, நாட்டிகா, லகோஸ்ட். நாட்டிகான்னா பாய்மரப் படகு ஓட்டுறவங்களுக்கான உடுப்பு மாதிரி. 1983ல் அதை ஆரம்பிச்ச டேவிட் சூ தைவானில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்தவர். மறுபடியும் வெளியிலேருந்து வந்த ஆள்! பின்னாடி இந்த வகைக்கு 'எஷே'ன்னு ஒரு பேர் பரவிச்சு. சொல்லோட முதல் ஒலியைக் கடைசிக்குத் தள்ளிப் பேசுற ஒரு மறைபேச்சுலேருந்து வந்த சொல்னு சொல்வாங்க. நம்மூர்ல சின்னப் பிள்ளைங்க பேசுற 'க' பாஷை ஞாபகம் இருக்கா? அதே கதைதான்.

நான் குடியிருக்கிற ஹெலன்ஸ்பர்க் சிட்னிக்குத் தெற்கே, நிலக்கரிச் சுரங்கத்தால உருவான சின்ன ஊர். 1985ல் குடமுழுக்கு நடந்த வெங்கடேஸ்வரர் கோயிலால நம்மாளுங்க எல்லாருக்கும் தெரியும். வாரக்கடைசி ரயில்ல கோயிலுக்கு வர்ற நம்ம குடும்பங்களும், சிட்னிலேருந்து கடற்கரைப் பக்கம் சுத்தப் போற இந்தப் பசங்களும் ஒரே பெட்டியில வருவாங்க. ஒருநாள் மூணு பசங்க ஏறினாங்க. ஒருத்தன் நெஞ்சுல குதிரை. எதிர்ல உட்கார்ந்திருந்த நம்மூர் மாமா பையை இழுத்து மடியில வச்சுக்கிட்டு, "பார்த்து இருப்பா, திருட்டுப் பசங்க"ன்னு என்கிட்ட தமிழ்ல மெதுவாச் சொன்னார். மாமா போட்டிருந்த டி-ஷர்ட்லயும் அதே குதிரை. பசங்க எங்களை ஏறெடுத்துக்கூடப் பார்க்கலை. ஒரே சட்டைக்கு ஒரே பெட்டியில ரெண்டு தீர்ப்பு. நானும் மாமாகிட்ட ஒண்ணும் சொல்லலை, பெரியவர்.

அந்த பயத்துல கொஞ்சமும் காரணமில்லைன்னும் சொல்ல முடியாது. ரயில்ல ஷூவைக் கழட்டச் சொல்லிப் பிடுங்கின சம்பவங்கள் செய்தியில வந்திருக்கு. பிரச்சனை, அந்த பயம் மெதுவா ஆளை விட்டுட்டு உடுப்பு மேல ஏறிடுது. இந்த ஷூ போட்டா உள்ள விட மாட்டோம்னு சொல்ற இடங்களும் இங்க வந்தாச்சு.

கம்பெனி என்ன பண்ணிச்சு?

தங்கள் துணியை 'தகாதவங்க' போடும்போது கம்பெனிகள் ரெண்டு வகையா நடந்துக்கும். இங்கிலாந்தில் பர்பெரியோட கட்டம் தொழிலாளர் வர்க்கப் பசங்களோட சின்னமா மாறினப்ப, 2004ல் கம்பெனி அந்தக் கட்டம் போட்ட தொப்பியைத் தயாரிக்கிறதையே நிறுத்திச்சு. சில மதுக்கடைகள் பர்பெரி போட்டவங்களை உள்ளேயே விடலை. டாமி ஹில்ஃபிகர் (1985ல் அதுக்கு முதல் போட்டவர் மோகன் முர்ஜானி, நம்ம இந்தியர்) வேற மாதிரி. 1994ல் ஸ்னூப் டாக் டிவியில அந்தச் சட்டையைப் போட்டதும் விற்பனை எகிறிச்சு, கம்பெனி ராப் பாடகர்களைத் தேடிப் போய் அணைச்சுக்கிச்சு.

ரால்ஃப் லாரன் ரொம்ப நாள் கண்டுக்காத மாதிரி இருந்தார். 1994ல் வூ-டாங் கிளானின் ரேக்வான் ஒரு பாட்டு வீடியோவில் 'ஸ்னோ பீச்' ஜாக்கெட்டைப் போட்டுட்டு வந்தார். அந்த ஜாக்கெட் அதோட புராணப் பொருள் ஆயிடுச்சு. 2017ல் கம்பெனி 'ஸ்டேடியம்' வரிசையை மறுபடி வெளியிட்டது, 2018ல் 'ஸ்னோ பீச்' வரிசையை. பனிச்சறுக்கு ஆட்கள் எப்பவோ மறந்துபோன ஜாக்கெட்டை இருபத்தஞ்சு வருஷம் உயிரோட வச்சிருந்தது தெருப் பசங்கதான். 2022ல் மோர்ஹவுஸ், ஸ்பெல்மன் என்ற ரெண்டு கறுப்பினக் கல்லூரிகளோட பழைய மாணவர் உடுப்புகளை வச்சு ஒரு தனி வரிசை வந்தது. பிரெப்பி உடுப்புன்னா வெள்ளைக்காரப் பிள்ளைகள் மட்டும் இல்லைன்னு கம்பெனியே ஒத்துக்கிச்சு. ஜாக்கெட்டை மறுவெளியீடு பண்ணலாம். ஜெயில்ல போன வருஷங்களை யார் மறுவெளியீடு பண்றது?

நம்ம பக்கம்

இதைப் படிச்சிட்டு "ஒரு சட்டைக்கா இவ்வளவு?"ன்னு தோணினா நம்ம வரலாற்றையும் கொஞ்சம் பாருங்க.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்னிக்குத் திருவிதாங்கூர் ராஜ்யம். அங்க நாடார் பெண்கள் மேலாடை போடக் கூடாதுன்னு தடை. 1820களிலிருந்து தோள்சீலைப் போராட்டம் நடந்தது. சந்தையில பெண்களோட ஆடையைக் கிழிச்சாங்க, வீடுகளை எரிச்சாங்க. 1859 ஜூலையில் மகாராஜா ஒரு பிரகடனம் போட்டார். மேலே மறைச்சுக்கலாம், ஆனா மேல்சாதிப் பெண்கள் மாதிரி மட்டும் கட்டக் கூடாது! இந்த நிபந்தனையை நான் திரும்பத் திரும்பப் படிச்சேன். உடுத்திக்கோ, எங்களை மாதிரி மட்டும் உடுத்தாதே. லூசியானா ஆளுநர் 1786ல் சொன்னதும் இதேதான்.

1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு எட்டுத் தடை போட்டாங்க. நகை போடக் கூடாது, ஆண்கள் இடுப்புக்கு மேலயும் முழங்காலுக்குக் கீழயும் துணி உடுத்தக் கூடாது என்பதெல்லாம் அதுல உண்டு. மீறினவங்க குடிசைகளை எரிச்சாங்க. அம்பேத்கர் சிலை ஒவ்வொண்ணும் ஏன் கோட்டு சூட்டோட நிக்குதுன்னு இந்தப் பட்டியலைப் படிச்சா புரியும்.

பழைய கதைன்னு தள்ளிடவும் முடியாது. 2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனி எரிந்த நாட்களில், தலித் இளைஞர்கள் ஜீன்ஸ், டி-ஷர்ட், கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு மற்ற சாதிப் பெண்களை மயக்குறாங்கன்னு பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் பேசினது எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. ஒரு ஜீன்ஸ் குற்றச்சாட்டா மாறின தமிழ்நாடு நம்மோடது. தைக்கிற ஊரும் நம்மோடதுதான்.

லோ லைஃப்ஸ் பண்ணது போராட்டம்னு நான் சொல்ல வரலை. தோள்சீலைக்காக நின்ன பெண்கள் யார்கிட்டயும் எதையும் பறிக்கலை. புரூக்ளின் பசங்க பறிச்சாங்க, பல நேரம் தங்களை மாதிரியே ஏழைப் பசங்ககிட்டயே பறிச்சாங்க. அதோட, மரியாதையை ஒரு கம்பெனிச் சின்னத்துல தேடினா, அடுத்த வருஷம் கம்பெனி புதுக் கலர் இறக்கும்போது மறுபடி வெறுங்கையோட நிக்கணும். இவ்வளவு தெரிஞ்சும் எனக்கு அந்தப் பசங்களைப் பார்த்துச் சிரிக்கத் தோணலை. நல்ல துணி போட்டா நம்மளையும் மனுஷனாப் பார்ப்பாங்க என்கிற நம்பிக்கை எங்க வீட்டுலயும் இருந்தது. நான் விமானம் ஏறுற அன்னிக்கு அம்மா காதர்பேட்டையில வாங்கின சட்டையைத்தான் தேய்ச்சுக் கொடுத்தாங்க. கழுத்துல வெட்டின லேபிளோட மிச்சம் குத்தும்னு அதையும் பிரிச்சு எடுத்துட்டுக் கொடுத்தாங்க.

உங்க ஊர்ல, உங்க வீட்டுல, "இதை நீ போடக் கூடாது"ன்னு சொன்ன துணி ஏதாவது உண்டா? செருப்பு, துண்டு, வேட்டியை மடிச்சுக் கட்டுறது, எதுவா இருந்தாலும் சரி. தாத்தா பாட்டிகிட்ட கேட்டுட்டு வந்து பின்னூட்டத்துல எழுதுங்க. தனிப்பதிவா போட்டா இன்னும் சந்தோஷம், சுட்டி மட்டும் கொடுத்துட்டுப் போங்க.